வீட்டு டிவியில் ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’: ரோபோ இடியும் கேட்கணும், வசனமும் கேட்கணும்

முதல் தடவை இந்தப் படத்தை வீட்டில் போட்டபோது ரிமோட்டை நான் கீழேயே வைக்கவில்லை. ஆட்கள் பேசினால் சத்தத்தை ஏற்று, ரோபோ வந்தால் இறக்கு, மறுபடி ஏற்று, மறுபடி இறக்கு. கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம் படம் பார்த்தேனா, வால்யூம் பட்டனுக்குக் காவல் இருந்தேனா என்றே தெரியவில்லை. அன்றைக்குப் படத்தின் மேல்தான் கோபம் வந்தது. கோளாறு படத்தில் இல்லை, என் செட்டிங்ஸில் இருந்தது என்று புரிய ரொம்ப நாள் ஆனது.

நான் சொல்வது 2007 ஜூலையில் தியேட்டருக்கு வந்த, மைக்கேல் பே இயக்கிய முதல் ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’, வாகனங்கள் ரோபோக்களாக உருமாறும் படம். அது மூன்று பிரிவுகளில் ஆஸ்கருக்குப் பரிந்துரையானது, அதில் இரண்டு ஒலிக்கு, ஒன்று விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு. மூன்றில் ஒன்றும் கிடைக்கவில்லை, அது வேறு கதை. ஆனால் இந்தப் படத்தில் பாதி வேலை காதுக்குத்தான் என்பது அதிலேயே தெரியும். பெரிய டிவி வாங்கலாமா என்று யோசிப்பதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் ஒதுக்கி, இருப்பதை ஒழுங்காகச் செட் பண்ணிப் பாருங்கள். காசு செலவில்லாத வேலைதான் இதில் முக்கால்வாசி.

சரி, முதலில் எந்தப் பதிப்பைப் பார்ப்பது?

பழைய டிஸ்க் யாராவது கொடுத்தால் வாங்கும் முன் பெட்டியின் நிறத்தைப் பாருங்கள். இந்தப் படம் வீட்டுக்கு வந்தது 2007 அக்டோபரில், டிவிடியாகவும், அப்போது ப்ளூ-ரேவுக்குப் போட்டியாக இருந்த எச்டி டிவிடியாகவும். ப்ளூ-ரே அப்போது வரவில்லை, ஏனென்றால் அந்த ஆகஸ்டில்தான் படத்தை வெளியிட்ட பாரமவுண்ட் நிறுவனம் எச்டி டிவிடி பக்கம் சாய்ந்திருந்தது. 2008 பிப்ரவரியில் தோஷிபா அந்த வடிவத்தையே கைவிட்டது, அப்புறம் அதே ஆண்டு செப்டம்பரில் ப்ளூ-ரே வந்தது. இந்தச் சண்டையின் மிச்சமாக, சிவப்புப் பெட்டியில் எச்டி டிவிடிகள் இன்னமும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அவை ப்ளூ-ரே பிளேயரில் ஓடாது. நீலப் பெட்டி என்றால் ப்ளூ-ரே. ‘ஹை டெஃபினிஷன்’ என்று பெரிதாக எழுதியிருப்பதை மட்டும் நம்பி எடுத்துவிடாதீர்கள்.

டிவிடி மட்டும்தான் இருக்கிறது என்றால் பார்க்கலாம், தப்பில்லை, ஆனால் ஒரு விஷயம். பால் (PAL) என்ற பழைய டிவி முறைக்கான டிவிடிகளில் நொடிக்கு 24 பிரேம் ஓடவேண்டிய படத்தை 25 பிரேமாக ஓட்டுவார்கள். 144 நிமிடப் படம் 138 நிமிடத்தில் முடிந்துவிடும். படம் சீக்கிரம் முடிவது பிரச்சினை இல்லை, குரல் சுருதி ஏறிவிடுவதுதான் பிரச்சினை. ரோபோத் தலைவன் ஆப்டிமஸ் பிரைமுக்குக் குரல் கொடுத்த பீட்டர் கல்லன், 1980-களின் கார்ட்டூன் தொடரிலேயே அதே பாத்திரத்துக்குப் பேசியவர். அடிவயிற்றிலிருந்து வரும் அந்தக் கனத்த குரலில் நான்கு சதவீதம் ஏறினால் சாதாரண ஆளுக்குத் தெரியாது, அந்தக் குரலைப் பிடித்தவருக்கு உடனே தெரியும். ப்ளூ-ரேயில் படம் 24-லேயே ஓடுவதால் இந்தத் தொல்லை கிடையாது.

4கே டிஸ்க் 2017 கடைசியில் வந்தது. அதில் கூர்மை கூடுவதைவிட எச்டிஆர் ஒளிதான் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் முறை) பெரிய லாபம், தீப்பொறியும் வெயில் படும் உலோகமும் நிஜமாகவே கண்ணைக் கூசவைக்கும். ஆனால் அதற்கு டிவியில் அந்த அளவு வெளிச்சம் இருக்கவேண்டும். எச்டிஆர் என்று ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிய மங்கலான டிவியாக இருந்தால் படம் இருட்டடித்துப்போகும், அப்படிப்பட்ட டிவிக்குச் சாதாரண ப்ளூ-ரேயே அழகாக இருக்கும். என் கருத்து அதுதான், 4கே என்பதற்காகவே ஓடவேண்டாம்.

ஸ்ட்ரீமிங்கில் பார்ப்பவர்களுக்கு: இந்த மாதிரிப் படங்கள்தான் ஸ்ட்ரீமிங்கின் பலவீனத்தைக் காட்டிக்கொடுக்கும். இருவர் உட்கார்ந்து பேசும் காட்சியில் ஒரு பிரேமுக்கும் அடுத்த பிரேமுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது, அதனால் சுருக்குவது எளிது. இங்கே ஆப்டிமஸ் உடம்பில் மட்டும் 10,000-க்கு மேற்பட்ட பாகங்கள், அத்தனையும் ஒரே நேரத்தில் சுழல்கின்றன, பின்னால் புகை, முன்னால் கண்ணாடித் தூள். எல்லாமே பிரேமுக்குப் பிரேம் மாறுகிறது. ப்ளூ-ரே இதற்கு நொடிக்கு 40 மெகாபிட் வரை செலவழிக்கலாம், ஸ்ட்ரீமிங் பெரும்பாலும் அதில் பாதியைக்கூடத் தொடாது. புகை கட்டம் கட்டமாகத் தெரிந்தால் டிவியைத் திட்டாதீர்கள். முடிந்தால் வைஃபையை விட்டு கேபிளைச் செருகுங்கள், படம் ஓடும்போது வேறு எவரும் பெரிய டவுன்லோடு போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் நம் கையில் ஒன்றும் இல்லை.

இப்போது டிவி. படத்தைப் போடுவதற்கு முன்னாலேயே பிக்சர் மோடை ‘சினிமா’ அல்லது ‘மூவி’க்கு மாற்றுங்கள், ‘ஃபிலிம்மேக்கர் மோடு’ இருந்தால் இன்னும் நல்லது. கடையில் பளபளக்கும் ‘விவிட்’ மோடு கடையோடு போகட்டும். முதல் அஞ்சு நிமிடம் படம் மஞ்சளாக, டல்லாகத் தெரியும், கண் பழகிவிடும், திரும்ப மாற்றாதீர்கள்.

அடுத்துச் செய்யவேண்டியதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். மோஷன் ஸ்மூத்திங்கை அணையுங்கள். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும், பெயரில் ‘மோஷன்’, ‘ஸ்மூத்’, ‘ஃப்ளோ’ என்று ஏதாவது இருக்கும், தேடினால் கிடைக்கும். இது என்ன செய்கிறது என்றால், நொடிக்கு 24 பிரேமே உள்ள படத்தில் நடுநடுவே தானாகவே பிரேம்களைக் கற்பனை செய்து நுழைக்கிறது. கிரிக்கெட்டுக்கு ஓரளவு சரிவரலாம். ஆனால் ஒரு ஹெலிகாப்டர் ரோபோவாக மாறும்போது, எந்தத் தகடு எங்கே மடங்கி எங்கே போகிறது என்பது நமக்கே பிடிபடாத வேகம், டிவிக்கு எப்படிப் பிடிபடும்? தப்பாக யூகிக்கும். ரோபோவின் கை ஓரத்தில் ஜெல்லி மாதிரி ஒரு கலங்கல் ஓடும், மொத்தப் படமும் வீடியோ கேமராவில் எடுத்த நாடகம் போல ஆகிவிடும். ‘கிராஃபிக்ஸ் பொம்மை மாதிரி இருக்கு’ என்று பலர் சொல்வதற்கு இதுவே காரணம் என்பது என் சந்தேகம். அணைத்துவிட்டுப் பாருங்கள், ரோபோவுக்கு எடை வந்துவிடும். டிஸ்க் பிளேயர் வைத்திருந்தால் அதன் செட்டிங்ஸில் 24பி (நொடிக்கு 24 பிரேம்) வெளியீட்டையும் ஆன் செய்யுங்கள்.

ஷார்ப்னஸைக் கிட்டத்தட்ட அடிமட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ ஆஃப். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருவதைப் பார்த்துவிட்டு யாராவது ரிமோட்டை எடுத்து ஜூம் செய்ய வருவார், விடாதீர்கள். படம் எடுக்கப்பட்டதே அகலமாகத்தான், முழு எச்டியின் 1080 வரிகளில் சுமார் 800 வரிகளில்தான் படம் இருக்கும். ஜூம் செய்தால் இடப்பக்கமும் வலப்பக்கமும் வெட்டுப்படும், சண்டைக் காட்சியில் ஓரத்திலிருந்து பாய்ந்து வரும் ஆசாமி எங்கிருந்து முளைத்தான் என்றே தெரியாது.

எவ்வளவு தூரத்தில் உட்காருவது? 55 அங்குல டிவி என்றால் ஐந்தரை அடியிலிருந்து ஏழரை அடிக்குள். நிறைய பேர் பத்தடி தள்ளி உட்கார்ந்துகொண்டு டிவி சின்னதாக இருக்கிறது என்கிறார்கள். நாற்காலியை முன்னால் இழுங்கள்.

ஒலிக்கு வருவோம், கொஞ்சம் நிதானமாகவே.

டிவியில் உள்ள ஸ்பீக்கர் மட்டும்தான் என்றால்: பிளேயரிலோ செயலியிலோ ஆடியோவை ‘ஸ்டீரியோ’ அல்லது ‘பிசிஎம் ஸ்டீரியோ’ என்று வையுங்கள். 5.1 ஒலியில் (ஐந்து ஸ்பீக்கர், அடி ஒலிக்குத் தனியாக ஒரு சப்வூஃபர்) வசனம் பெரும்பாலும் நடுச் சேனலில்தான் வரும், அதை இரண்டு ஸ்பீக்கருக்குச் சரியாகப் பிரித்துக் கலக்கும் வேலையைப் பல நேரம் பிளேயர் டிவியைவிட நன்றாகச் செய்யும். கூடவே ‘நைட் மோடு’ அல்லது ‘டைனமிக் ரேஞ்ச்’ என்ற ஒன்று இருக்கும். அது பெரிய சத்தத்தைத் தட்டி, சின்னச் சத்தத்தைத் தூக்கும். டிவி ஸ்பீக்கருக்கு அதை ஆன் செய்வதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை, என் பழைய ரிமோட் கூத்துக்கு அதுவே போதுமான மருந்தாக இருந்திருக்கும்.

சவுண்ட்பார் வைத்திருப்பவர்கள் அதை டிவியின் இ-ஆர்க் என்று எழுதியிருக்கும் எச்டிஎம்ஐ துளையில் செருகவேண்டும். ஆப்டிகல் வயரில் ப்ளூ-ரேயின் ட்ரூஎச்டி ஒலி (தரம் குறையாத டால்பி ஒலி) போகவே போகாது, சுருக்கிய டால்பி டிஜிட்டல்தான் போகும். சாதாரண ஆர்க்கிலும் அதே கதிதான். அப்புறம் சவுண்ட்பாருக்கு முன்னால் பூச்சாடி, போட்டோ ஃபிரேம் எல்லாம் வைத்து மறைக்காதீர்கள். சொல்லவேண்டியதில்லை என்று நினைப்பேன், ஆனால் எத்தனை வீட்டில் பார்த்துவிட்டேன்.

5.1 ரிசீவரும் (ஒலியை ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) சப்வூஃபரும் இருப்பவர்களுக்குத்தான் இந்தப் படம் விருந்து, அவர்கள்தான் அதிகம் கெடுத்துக்கொள்கிறவர்களும். முதலில் பிளேயர் மெனுவில் ‘செகண்டரி ஆடியோ’ என்று ஒன்று இருக்கிறதா பாருங்கள். அது ஆனில் இருந்தால் பிளேயர் தன் மெனுச் சத்தத்தையும் கலப்பதற்காக ட்ரூஎச்டியைச் சாதாரண டால்பியாக இறக்கிவிடும், நீங்கள் விலை கொடுத்து வாங்கியது வீணாக டிஸ்கிலேயே கிடக்கும். ஆஃப் செய்துவிட்டு வெளியீட்டை ‘பிட்ஸ்ட்ரீம்’ (ஒலியை மாற்றாமல் அப்படியே அனுப்புவது) என்று வையுங்கள், ரிசீவரின் முகப்பில் ட்ரூஎச்டி என்று எழுத்து வந்தால் சரி. டப்பிங் தடத்தில் பார்த்தால் அந்த எழுத்து வராமல் போகலாம், டப்பிங்கை எளிய டால்பியில் கொடுப்பது சகஜம். ஒரு சண்டைக் காட்சியை இரண்டு தடத்திலும் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள், எது வேண்டுமென்று நீங்களே முடிவு செய்வீர்கள்.

ரிசீவரில் எல்லா ஸ்பீக்கரையும் ‘ஸ்மால்’ என்று குறித்து, கிராஸோவரை (அடி ஒலி சப்வூஃபருக்குப் பிரியும் எல்லையை) 80 ஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். ‘என் ஸ்பீக்கர் பெரிசு, அதை ஸ்மால் என்று எப்படிப் போடுவது’ என்று கௌரவம் பார்க்கவேண்டாம். ஸ்மால் என்றால் அடி ஒலியைச் சப்வூஃபர், அதாவது சப், பார்த்துக்கொள்ளும் என்று மட்டும்தான் அர்த்தம். நடு ஸ்பீக்கரை இரண்டு மூன்று டெசிபல் ஏற்றிவிடுங்கள். உருக்கு உரசும் சத்தத்துக்கு நடுவே நாயகன் சாமும் அவன் தோழி மிகேலாவும் கத்திக்கொண்டு ஓடும்போது என்ன கத்துகிறார்கள் என்று கேட்பது அந்த மூன்று டெசிபலில்தான் இருக்கிறது.

சப்வூஃபரை எங்கே வைப்பது என்பதற்கு ஒரு பழைய வித்தை உண்டு, பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் வேலை செய்யும். நீங்கள் உட்காரும் இடத்தில் சப்பைத் தூக்கி வையுங்கள். படம் தொடங்கிச் சில நிமிடங்களில் கத்தாரில் உள்ள ராணுவ முகாமில் பிளாக்அவுட் என்ற ஹெலிகாப்டர் ரோபோ இறங்கும் காட்சி வருமே, அதைத் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். இப்போது சுவர் ஓரமாகத் தரையில் தவழ்ந்துகொண்டே போய்க் கேளுங்கள். சில இடத்தில் பேஸ் ஊதிப்போய் ‘பூம்’ என்று ஒரே சுருதியில் கேட்கும், சில இடத்தில் காணாமலே போகும், ஒரு இடத்தில் மட்டும் ஒவ்வொரு இடியும் தனித்தனியாக, இறுக்கமாகக் கேட்கும். அங்கேதான் சப்புக்கு இடம். வீட்டில் இருப்பவர்கள் என்ன தேடுகிறாய் என்று கேட்டால் ஏதாவது சொல்லிச் சமாளியுங்கள்.

எனக்கு நடந்தது இது: சப்பைச் சரியாக வைத்தும் ஒவ்வொரு வெடிக்கும் பின்னால் ஒரு கரகரப்பு வந்தது. சப் கிழிந்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். பிறகு அதே காட்சியை ஓடவிட்டு அறையில் உள்ள சாமான்களின் மேல் ஒவ்வொன்றாக உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். புத்தக அலமாரியின் கண்ணாடிக் கதவில் கை வைத்ததும் கரகரப்பு நின்றது. கையை எடுத்தால் மறுபடி. சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு துண்டு ஃபெல்ட் ஒட்டினேன், அவ்வளவுதான். சப்பைப் பழிக்கும் முன் அறையைத் தடவிப் பாருங்கள். மாடியில் குடியிருப்பவர்கள் சப்புக்குக் கீழே தடித்த ரப்பர் மேட்டையும் போடுங்கள், கீழ்வீட்டுக்காரருக்கு இந்தப் படம் பிடிக்கவேண்டும் என்று சட்டம் இல்லை.

எல்லாம் செட் ஆனதும் மூன்று காட்சிகளை மட்டும் ஓட்டிச் சோதியுங்கள். முழுப் படத்தையும் போட்டுச் சோதித்தால் படம் அங்கேயே தீர்ந்துபோகும்.

முதலாவது அதே கத்தார் காட்சி. ஹெலிகாப்டர் தரையில் நிற்கும், இறக்கைகள் ஓய்ந்து நிற்கும், ஒரு கணம் அமைதி, அப்புறம் தகடு தகடாக மடங்கத் தொடங்கும். அந்த அமைதியில் உங்கள் சப் முனகினால் அளவு அதிகம். உருமாறும் சத்தத்தில் கீழே கனமான அடியும் மேலே சின்னச் சின்னக் கிளிக், கீச் ஒலிகளும் சேர்ந்தே இருக்கின்றன, இரண்டும் தனித்தனியாகக் கேட்கவேண்டும். இந்தப் படத்தின் ஒலியை வடிவமைத்த ஈதன் வான் டெர் ரின், எரிக் ஆடால் இருவரின் உழைப்பு முழுக்க அந்தச் சின்ன ஒலிகளில்தான் இருக்கிறது, வெடியில் இல்லை.

இரண்டாவது, சாம் வீட்டுக்குள் தன் தாத்தாவின் தாத்தாவுடைய மூக்குக்கண்ணாடியைத் தேட, வெளியே தோட்டத்தில் அத்தனை பெரிய ரோபோக்கள் ஒளிந்துகொள்ளத் தவிக்கும் இரவுக் காட்சி. சிரிப்புக் காட்சிதான், ஆனால் இருட்டைச் சோதிக்க இதைவிட நல்லது இந்தப் படத்தில் இல்லை. ஆப்டிமஸின் நீலமும் இரவின் கறுப்பும் ஒன்றோடொன்று கரைந்துவிட்டால் ‘பிரைட்னஸை’ ஓரிரு புள்ளி ஏற்றுங்கள், கறுப்பு சாம்பலாக வெளுத்தால் இறக்குங்கள். மின்கம்பியில் இடித்துக்கொண்டு ராட்செட் என்ற ரோபோ விழும்போது வீட்டுக்குள் இருப்பவர்கள் நிலநடுக்கம் என்று நினைப்பார்கள். உங்கள் சோபாவுக்கும் கொஞ்சம் அப்படித் தோன்றவேண்டும்.

மூன்றாவது, சாமின் காராக வரும் ரோபோ பம்பிள்பீ ரேடியோ மூலம் பேசும் எந்த இடமும். அவன் கிட்டத்தட்ட கடைசி வரை சொந்தக் குரலில் பேசாமல் கார் ரேடியோவின் துண்டுகளால் பேசுகிறவன், வேண்டுமென்றே தகர டப்பா மாதிரி பதிவு செய்த ஒலி. அது தகரமாகவும், பக்கத்தில் நிற்கும் சாமின் குரல் இயல்பாகவும் கேட்டால் உங்கள் நடு ஸ்பீக்கர் தேறிவிட்டது. இரண்டும் தகரமாகக் கேட்டால் இன்னும் வேலை இருக்கிறது.

அடுத்த படங்களையும் வரிசையாகப் பார்க்கப் போகிறவர்களுக்கு இரண்டு வரி: 2009-இல் வந்த இரண்டாம் பாகத்துக்குப் ‘பிக் ஸ்கிரீன் எடிஷன்’ என்று ஒரு ப்ளூ-ரே உண்டு, அதில் ஐமேக்ஸ் காட்சிகள் வரும்போது கறுப்புப் பட்டை மறைந்து திரை நிரம்பும். 2017-இல் வந்த ஐந்தாம் பாகத்தில் படத்தின் உயரம் இப்படி மாறுவது ஓயாமல் நடக்கும், டிவி கெட்டுவிட்டதோ என்று பயப்படாதீர்கள். 2014-இன் நான்காம் பாகம்தான் டால்பி அட்மாஸ் ஒலியோடு (தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரும் முறை) வந்த முதல் ப்ளூ-ரே. கதையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, கூரையில் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் அதைப் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

படம் பார்க்கும் இரவில் விளக்கை முழுக்க அணைக்கவேண்டாம், டிவிக்குப் பின்னால் ஒரு மங்கிய விளக்கு எரியட்டும், இருட்டறையில் வெடிக் காட்சிகள் கண்ணை வலிக்கவைக்கும். கிளைமாக்ஸ் நகரச் சண்டை நீளம், நடுவில் எழுந்து போகிற எண்ணம் இருந்தால் ஹூவர் அணைக் காட்சிக்கு முன்னால் போய்விட்டு வாருங்கள். மைக்கேல் பேயின் கமென்ட்ரி தடத்தை முதல் நாள் போட்டுக் கேட்டிருந்தால் ஆடியோவைத் திரும்ப மாற்ற மறக்காதீர்கள், நான் ஒருமுறை நண்பர்களை உட்காரவைத்துவிட்டு முதல் இரண்டு நிமிடம் அவர் பேசுவதையே ஓடவிட்டேன்.

கடைசியாக வால்யூம். சோதித்த மூன்று காட்சிகளிலும் வசனம் புரிந்து, வெடியில் முகம் சுளிக்காத ஓர் எண் கிடைத்திருக்கும். அதை ஒரு துண்டு டேப்பில் எழுதி ரிமோட்டின் முதுகில் ஒட்டிவிடுங்கள், படம் தொடங்கியதும் அந்த எண்ணுக்கு வைத்துவிட்டு ரிமோட்டை எட்டாத இடத்தில் வையுங்கள். என் ரிமோட்டில் 41 என்று இருக்கிறது. அதே 41-இல் மறுநாள் காலையில் செய்திச் சேனலைப் போட்டுவிட்டு வீட்டையே எழுப்பிய அனுபவமும் இருக்கிறது, அதனால் படம் முடிந்ததும் இறக்கிவிட்டுத் தூங்கப் போங்கள்.